பிந்தி வந்தவள் என்று எழுதுவதற்கு முன்

ரொறன்ரோவில் குளிர்காலம் என்றால் எல்லோரும் ஜனவரியைத்தான் சொல்வார்கள். எனக்கு ஜனவரியோடு பெரிய பிரச்சினை இல்லை. மைனஸ் 15 என்றால் நாள் முழுக்க மைனஸ் 15தான். விழுந்த ஸ்னோ விழுந்த இடத்திலேயே கிடக்கும். எதைப் போட்டுக்கொண்டு இறங்க வேண்டும் என்று முதல் நாள் இரவே தெரியும். பெப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் முதல் வாரம் வரைக்கும் உள்ள காலம்தான் வேலைக்குப் போகிற ஆட்களை வதைக்கிறது. பகலில் பிளஸ் 4 வரை ஏறி ஸ்னோ உருகும், அந்தத் தண்ணீர் நடைபாதை முழுக்கப் பரவும். இரவில் மைனஸ் 8க்கு இறங்க, அவ்வளவும் ஐஸாகிவிடும். விடிய ஐந்தரைக்கு நான் படியிறங்கும்போது பெரிய வீதியில் உப்புப் போட்டிருப்பார்கள். எங்கள் கட்டடத்துக்கும் பஸ் நிறுத்தத்துக்கும் இடையில் பாதித் தூரத்துக்குத்தான் போட்டிருக்கும். தார் மேல் படிந்த மெல்லிய ஐஸ் கண்ணுக்குத் தெரியாது. கால் வைத்த பிறகுதான் தெரியும்.

ரொறன்ரோவின் கிழக்குப் பக்கமான ஸ்காபுரோவில் ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தில் எனக்கு பி.எஸ்.டபிள்யூ. வேலை, அதாவது முதியவர்களைத் தூக்கி, உடுப்பு மாற்றி, சாப்பாடு கொடுத்துப் பார்க்கிற வேலை. காலை ஏழு மணியிலிருந்து பிற்பகல் மூன்று மணி வரை. எங்கள் தளத்துக்கு யூனியன் பிரதிநிதியும் நான்தான். இந்த 2025ஆம் ஆண்டின் பெப்ரவரியிலும் மார்ச்சிலும் எங்கள் இல்லத்தில் நடந்தவற்றை எழுதி வைக்க விரும்புகிறேன். எங்கள் ஆட்கள் நிறையப் பேர் இதே வேலையில் இருக்கிறார்கள். இதே பஸ்களில்தான் போகிறார்கள். பிந்தி வந்ததற்கு இதே மாதிரிக் கடிதமும் வாங்குகிறார்கள். வாங்கிவிட்டு, அவமானம் என்று நினைத்து வீட்டில்கூடச் சொல்வதில்லை.

பெப்ரவரியில் என்ன நடந்தது என்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். நடு மாதத்தில் ஒரு வாரத்துக்குள் இரண்டு புயல். முதலாவது 12ஆம் தேதி இரவு தொடங்கியது. அதை அள்ளி முடிக்கும் முன்பே, குடும்ப தின விடுமுறை வார இறுதியில் இரண்டாவது வந்தது. இரண்டும் சேர்ந்து அரை மீட்டர் அளவுக்கு நிலத்தில் கிடந்தது. வீதியைத் தள்ளுகிற வண்டி ஸ்னோவை ஓரத்துக்குத்தானே தள்ளும்? அந்த ஓரத்தில்தான் எங்கள் பஸ் நிறுத்தம் இருக்கிறது. பஸ் வந்து கதவைத் திறந்தால் முன்னுக்கு இடுப்பளவு ஸ்னோ மேடு. அதில் ஏறி, சறுக்கி, பஸ்ஸின் படியில் கால் வைக்க வேண்டும். தள்ளுவண்டியோடு நின்ற ஒரு தாயை நானும் இன்னொருவரும் தூக்கி ஏற்றினோம். ஊன்றுகோலோடு வந்த ஒரு பெரியவர் கொஞ்ச நேரம் அந்த மேட்டைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, வீட்டுக்கே திரும்பிப் போய்விட்டார். மாநகரசபை அந்த மேடுகளை லொறியில் அள்ளிக்கொண்டுபோய்க் கொட்டி முடிக்க வாரக்கணக்கில் ஆனது. பஸ்ஸில் வயது போன ஆட்கள் 1999ஐப் பற்றிக் கதைத்தார்கள். அந்த ஜனவரியில் மேயர் மெல் லாஸ்ட்மன் இராணுவத்தையே உதவிக்குக் கூப்பிட்டவர். நாடு முழுக்கச் சிரித்ததாம். அன்று வேலைக்கு நடந்து போனவர்கள் சிரித்திருக்க மாட்டார்கள் என்றுதான் நான் நினைக்கிறேன்.

ஸ்காபுரோ ஆட்களுக்கு இன்னொரு குறையும் உண்டு. 1985இலிருந்து ஸ்காபுரோவுக்குள் ஓடிய ஆர்.டி. என்ற நகர ரயில் இப்போது இல்லை. 2023 ஜூலை 24 அன்று கடைசிப் பெட்டி தண்டவாளத்தை விட்டு விலகி ஐந்து பேர் காயப்பட்டார்கள். அந்த ஆண்டு நவம்பரில் மூடுவதற்கு இருந்த பாதை அது. அன்றோடு நின்றது, திரும்ப ஓடவில்லை. ஸ்னோ கூடினால் அதுவும் நின்றுபோகிற ரயில்தான், அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் ஒரு வழி அடைபட்டால் மற்ற வழியால் போகலாம் என்ற நிலைமை அப்போது இருந்தது. நிலத்துக்குக் கீழே புதுப் பாதை தோண்டுகிறார்கள். அது முடியும் வரைக்கும், ஆர்.டி.யில் ஏறி சப்வே தொடங்குகிற கென்னடி நிலையத்துக்குப் போனவர்கள் பஸ்ஸைத்தான் நம்ப வேண்டும். பஸ் என்றால் பெரும்பாலும் கார்களோடு கார்களாக அதே வீதியில் ஊர்ந்துதான் வரும். பெரிய ஸ்னோ நாட்களில் ஏற்றமான இடங்களில் உள்ள சில நிறுத்தங்களில் பஸ் நிற்காது. நின்றால் திரும்பக் கிளம்ப ஏலாது. சாரதிகளை நான் குறை சொல்ல மாட்டேன். ஏறுகிற ஒவ்வொருவரிடமும், 'பிடித்துக்கொள்ளுங்கள், நிலம் ஈரம்' என்று சொல்லிச் சொல்லி ஓட்டிய ஒரு பெண் சாரதியை எனக்கு நல்ல ஞாபகம்.

இனி, எங்கள் இல்லத்துக்குள் ஏழு மணிக்கு என்ன நடக்கும் என்று சொல்ல வேண்டும். வெளியில் இருக்கிறவர்களுக்கு இது விளங்காது. அலுவலகத்தில் ஒருவர் அரை மணித்தியாலம் பிந்தினால் அவருடைய மேசையில் வேலை சேரும், அவ்வளவுதான். எங்கள் இடத்தில் யாராவது பிந்தினால் ஒரு மனிதர் படுக்கையிலேயே கிடப்பார். நடக்க ஏலாதவர்களைத் தூக்குகிற இயந்திரத்தை இரண்டு பேர் சேர்ந்துதான் இயக்க வேண்டும். ஒருவர் பட்டியைப் பார்க்க, மற்றவர் ஆளைப் பிடிக்க வேண்டும். எங்கள் இல்லத்தின் கட்டாய விதி அது. விதி இல்லாவிட்டாலும் ஒருவர் தனியாகச் செய்வது ஆபத்து. ஆகவே நாலு பேர் வரவேண்டிய காலையில் இரண்டு பேர் வந்தால், அந்த இரண்டு பேரும் ஒரே அறையில்தான் நிற்க முடியும். மற்ற அறைகளில் மணி அடித்துக்கொண்டே இருக்கும். ஈரத் துணி மாற்ற வேண்டியவர்கள், மருந்துக்கு முன் சாப்பிட வேண்டியவர்கள், எல்லோருக்கும் அது தள்ளிப்போகும்.

எங்கள் தளத்தில் ஊரிலிருந்து வந்த ஐயா ஒருவர் இருக்கிறார். விடிய ஏழரைக்கு அவருக்குத் தேத்தண்ணி வேண்டும், சீனி கொஞ்சம் தூக்கலாக. புயலுக்கு அடுத்த நாள் நான் உள்ளே போக எட்டு மணி தாண்டிவிட்டது.

"ஏன் பிள்ளை, இண்டைக்கு இவ்வளவு பிந்தினனீ?"

"பஸ் வரேல்லை ஐயா. வெளியில சரியான ஸ்னோ."

அவர் யன்னலைப் பார்த்தார். "அப்ப நீ என்னண்டு வந்தனீ? முதல்ல நீ போய்த் தேத்தண்ணி குடி."

அலுவலகத்தில் யாரும் அப்படிக் கேட்கவில்லை.

நாங்கள் வரும்வரைக்கும் இரவு வேலை செய்தவர்கள் போக முடியாது. பராமரிக்க ஆள் இல்லாமல் தளத்தை விட்டுவிட்டுப் போக எங்கள் வேலையில் இடமே இல்லை. இரவு பதினொன்றிலிருந்து நின்று களைத்த ஒரு சகோதரி, எத்தியோப்பியாக்காரி, அன்றைக்கு ஒன்பது மணிக்குத்தான் வெளிக்கிட்டாள். வீட்டில் இரண்டு பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்ப வேண்டியவள் அவள். பக்கத்து வீட்டுக்காரிக்குப் போன் எடுத்து எடுத்துக் கதைத்துக்கொண்டே எங்கள் வேலையையும் செய்தாள். நான் பிந்தினால் அந்தப் பாரம் முழுக்க இவள் தலையில்தான் விழும். நிர்வாகம் தன் மேல் எதையும் எடுப்பதில்லை. எங்களுக்குள் கோபம் வருவதும் இதனால்தான். 'அவள் எப்ப பார்த்தாலும் பிந்தித்தான் வாறவள்' என்று ஒருத்தி சொல்ல, மற்றவள் அழ, ஒரு தளமே இரண்டாகப் பிரிந்துவிடும். இந்தப் பருவத்தில் எனக்கு அதிகம் கவலை தந்தது இதுதான்.

இனி நிர்வாகத்தின் கணக்கு. ஏழு நிமிடத்துக்கு மேல் பிந்தினால் கணினி ஒரு அடையாளம் போடும். அடையாளங்கள் சேர்ந்தால் ஒரு கதைப்பு, பிறகு கடிதம், அதற்குப் பிறகு இன்னும் கடுமையான கடிதம். வெளியில் மழையா வெயிலா, உறைபனி மழை எச்சரிக்கை இருந்ததா என்று கணினிக்குத் தெரியாது. சரி, கணினிக்குத் தெரியாது. அதைப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிற மனிதருக்குத் தெரியும். அவரும் அதே ஸ்னோவைத்தானே காரின் கண்ணாடியிலிருந்து சுரண்டிவிட்டு வந்தார்?

மார்ச் தொடக்கத்தில் எங்கள் தளத்தில் புதிதாகச் சேர்ந்த தங்கச்சி ஒருத்தியை அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்கள். கனடாவுக்கு வந்து அதிக காலம் ஆகவில்லை. மார்க்கம் வீதியில் நிலக்கீழ் அறை ஒன்றில் வாடகைக்கு இருக்கிறாள். இரண்டு பஸ் மாற வேண்டும். கையில் கடிதத்தோடு சாப்பாட்டு அறைக்கு வந்தவள் சாப்பாட்டைத் திறக்கவேயில்லை.

"அக்கா, நான் நாலே முக்காலுக்கு எழும்புறன். அதைவிட முன்னுக்கு எழும்பினா அந்த நேரம் பஸ்ஸே இல்லை. நான் இனி என்ன செய்யிறது?"

இந்தக் கேள்விக்கு அந்தக் கடிதத்தில் பதில் இல்லை. 'உங்கள் பயணத்தைச் சரியாகத் திட்டமிட்டுக்கொள்ளுங்கள்' என்று எழுதியிருந்தது. முதல் பஸ்ஸுக்கு முன்னால் நின்று காத்திருக்கிற ஒரு பெண் இதற்கு மேல் எதைத் திட்டமிட முடியும்?

அடுத்த கதைப்புக்கு அவளோடு நானும் போனேன். போவதற்கு முன் இரண்டு பேரும் இருந்து ஒரு தாளில் எல்லாவற்றையும் எழுதினோம். அவள் பிந்திய ஒவ்வொரு நாளுக்கும் நேரே அன்றைய வானிலை எச்சரிக்கை, பஸ் சேவையின் அறிவித்தல், அவளுடைய கார்ட் தட்டிய நேரம். பஸ் கார்டைப் பதிவு செய்து வைத்திருந்தால், எந்த நேரத்தில் எந்த இடத்தில் தட்டினோம் என்று இணையத்தில் பார்க்கலாம். இது நிறையப் பேருக்குத் தெரியாது. அவள் ஏழு மணிக்கு ஒரு மணித்தியாலத்துக்கும் மேல் முன்னதாகவே முதல் பஸ்ஸில் ஏறியிருக்கிறாள் என்பது அந்தப் பட்டியலில் அப்படியே இருந்தது. மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் தாளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, 'எல்லோரும் இப்படித் தாள் கொண்டுவந்தால் நான் என்ன செய்வது?' என்று கேட்டார். எல்லோரும் கொண்டுவருவார்கள், தயவுசெய்து எல்லாவற்றையும் வாசியுங்கள் என்று சொன்னேன்.

கடிதத்தைத் திரும்ப எடுத்தார்கள். இந்தப் பருவம் முடியும்வரை வானிலை எச்சரிக்கை இருந்த நாட்களில் பிந்தி வந்தால் அதைத் தனியாகக் குறிப்பதாகவும், கடிதத்துக்கு அதைக் கணக்கெடுப்பதில்லை என்றும் சொன்னார்கள். வாயால் சொன்னதை அன்று பின்னேரமே மின்னஞ்சலில் எழுதி, 'நாங்கள் பேசியது இதுதானே?' என்று கேட்டு அனுப்பினேன். 'ஆம்' என்று ஒரு வரி வந்தது. அந்த ஒரு வரியைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

இன்னொரு சகோதரியின் கதை வேறு மாதிரி. பிலிப்பைன்ஸில் தாயைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்துகொண்டிருந்தாள். பெப்ரவரி 17, குடும்ப தினம், அன்று பிற்பகல் ரொறன்ரோவின் பியர்சன் விமான நிலையத்தில், மினியாபோலிஸிலிருந்து வந்த டெல்டா விமானம் இறங்கும்போது தலைகீழாகக் கவிழ்ந்தது. உள்ளே இருந்த 80 பேரும் உயிரோடு வந்தார்கள். அந்தப் படத்தைப் பார்த்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும். புயலால் ஏற்கெனவே குழம்பியிருந்த விமான நிலையத்தில் அதற்குப் பிறகு ஓடுபாதைகளும் மூடப்பட்டன. வான்கூவரில் மாற வேண்டிய இவளின் விமானம் ரத்து. அடுத்தது, அதற்கடுத்தது என்று தள்ளிப்போய், லீவு முடிந்த பிறகுதான் வந்து சேர்ந்தாள். வந்ததும் 'அனுமதியில்லாமல் வராத நாள்' என்று பதிவு.

விமானத்தில் போகிற எல்லோருக்கும் சொல்கிறேன்: பயணம் சுணங்கினால் காரணத்தைக் கேளுங்கள், எழுத்தில் வாங்குங்கள். கனடாவின் விமானப் பயணிகள் பாதுகாப்பு விதிகளின்படி விமான நிறுவனம் காரணத்தைச் சொல்லியாக வேண்டும். புயல் போன்று அவர்கள் கையில் இல்லாத காரணம் என்றால் நட்டஈடு கிடைக்காது. ஆனாலும் வேறு விமானத்தில் இடம் தேடித் தர வேண்டும். 48 மணித்தியாலத்துக்குள் தர முடியாவிட்டால், காசைத் திருப்பிக் கேட்கிற உரிமை பயணிக்கு உண்டு. இவளிடம் விமான நிறுவனம் அனுப்பிய மின்னஞ்சல்கள் எல்லாம் இருந்தன. அவற்றைக் காட்டிய பிறகு பதிவைச் 'சம்பளமில்லா லீவு' என்று மாற்றினார்கள். சம்பளம் போனது போனதுதான். ஆனால் அவளுடைய பெயரில் கறை இல்லை.

சட்டம் பற்றி நிறையப் பேர் என்னிடம் கேட்கிறார்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். ஸ்னோ விழுந்தால் வேலைக்கு வரத் தேவையில்லை, சம்பளம் உண்டு என்று எங்கள் ஒன்ராறியோ மாகாணத்தில் எந்தச் சட்டமும் இல்லை. பிந்திய நேரத்துக்குச் சம்பளம் தரவும் கட்டாயம் இல்லை. மூன்று மணித்தியால விதி என்று ஒன்று இருக்கிறது. வழமையாக மூன்று மணித்தியாலத்துக்கு மேல் வேலை செய்கிற ஒருவரை வரச்சொல்லிவிட்டு, வந்த பிறகு கெதியாகத் திருப்பி அனுப்பினால், குறைந்தது மூன்று மணித்தியாலச் சம்பளம் கொடுக்க வேண்டும். எங்கள் பெடியன்கள் பலர் ஏஜென்சி மூலம் கிடங்குகளில் வேலை செய்கிறார்கள், அவர்களுக்கு இது முக்கியம். ஆனால் புயல், மின்தடை போன்று முதலாளியின் கையில் இல்லாத காரணத்தால் வேலையே நின்றுபோனால் அந்த விதி பொருந்தாது. அப்படியென்றால் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: வேலை உண்மையிலேயே புயலால் நின்றதா, அல்லது வேலை குறைவு என்பதற்காகப் புயலைச் சாட்டுகிறார்களா?

சுகமில்லாவிட்டால் ஆண்டுக்கு மூன்று நாள் சம்பளமில்லா லீவு சட்டப்படி உண்டு. அதற்கு டொக்டரின் கடிதம் கொண்டுவா என்று 2024 அக்டோபர் 28இலிருந்து கேட்க முடியாது. இன்னும் கேட்கிற இடங்கள் இருக்கின்றன. காய்ச்சலோடு, ஐஸில் சறுக்கிக்கொண்டு, வோக்-இன் கிளினிக்கில் மூன்று மணித்தியாலம் இருந்து ஒரு துண்டு வாங்கிவந்த அக்கா ஒருவரை எனக்குத் தெரியும். தேவையில்லாத அலைச்சல் அது. குடும்பப் பொறுப்புக்கு வேறாக மூன்று நாள் உண்டு. பிள்ளை பார்க்கிற ஆள் திடீரென்று வர ஏலாது என்று சொன்னால் அதற்கும் இந்த லீவை எடுக்கலாம். இதற்கும் சம்பளம் இல்லை, ஆனால் எடுத்ததற்காகத் தண்டிக்க முடியாது.

விழுந்தால் என்ன செய்வது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில்தான் எங்கள் ஆட்கள் அதிகம் இழக்கிறார்கள். விழுந்தவுடன் வெட்கத்தில் எழும்பி, உடுப்பைத் தட்டிவிட்டு, 'ஒண்டுமில்லை, ஒண்டுமில்லை' என்று நடந்து போய்விடுவோம். இரவில்தான் இடுப்பு நோகும். மாநகரசபையின் நடைபாதையில் விழுந்து காயப்பட்டு நட்டஈடு கேட்க நினைத்தால், பத்து நாட்களுக்குள் எழுத்தில் அறிவிக்க வேண்டும். அதிலும் மாநகரசபை மிகக் கடுமையாக அசட்டையாக இருந்தது என்று காட்ட வேண்டும், அது லேசான காரியம் இல்லை. கடை, தனியார் கட்டடம் என்றால் 60 நாள். வேலையிடத்துக்குச் சொந்தமான கார் தரிப்பிடத்தில் வேலைக்கு வரும்போது விழுந்தால், அதை வேலையில் ஏற்பட்ட காயமாகப் பார்க்க இடம் உண்டு. உடனே மேலாளரிடம் சொல்லி எழுதுவித்துவிடுங்கள். மார்ச்சில் எங்கள் இல்லத்துத் தரிப்பிடத்தில் சமையலறையில் வேலை செய்கிற அக்கா விழுந்து மணிக்கட்டு உடைந்தது. அவரோடு வந்தவள் காயத்துக்கு ஐஸ் கட்டி தேடி ஓடும் முன்பு நிலத்தைப் படம் எடுத்திருக்கிறாள், உப்பு ஒரு பொட்டும் இல்லாத நிலம். அந்தப் படம் பிறகு பெரிய உதவியாக இருந்தது. அக்கா இன்னும் கையில் பட்டியோடு வீட்டில் இருக்கிறார். சட்டி தூக்குகிற கை அது. அதை நினைத்தால் எனக்கு நெஞ்சு எரிகிறது. ஒரு வாளி உப்பு எவ்வளவு காசு?

ஆட்கள் குறைந்த ஒரு காலையில், தூக்கும் இயந்திரத்தை 'இன்றைக்கு மட்டும் தனியாகச் செய்' என்று ஒருத்தியிடம் சொல்லியிருக்கிறார்கள். அவள் மாட்டேன் என்றாள். ஆபத்தான வேலையை மறுக்கிற உரிமை சட்டத்தில் இருக்கிறது. ஆனால் பராமரிப்பு இல்லங்களில் அது அளவோடுதான்: மறுப்பதால் இன்னொருவரின் உயிருக்கோ உடலுக்கோ நேரடியாக ஆபத்து வருமென்றால் மறுக்க முடியாது. இந்த இடத்தில் தனியாகத் தூக்குவதுதான் அந்தப் பெரியவருக்கும் ஆபத்து. அதை அவள் அமைதியாகச் சொன்னாள்: 'அவரை விழுத்திப்போட்டு நான் பிறகு எப்படி நித்திரை கொள்வது?' கடைசியில் மேல்தளத்திலிருந்து நர்ஸ் ஒருவர் இறங்கி வந்து சேர்ந்து தூக்கினார். ஒன்ராறியோ அரசு ஒவ்வொரு முதியவருக்கும் நாளொன்றுக்குச் சராசரி நாலு மணித்தியால நேரடிப் பராமரிப்பு என்று இலக்கு வைத்து, 2025 மார்ச் 31ஐக் கடைசி நாளாகக் குறித்திருந்தது. நல்ல இலக்கு. ஆனால் நாலு பேர் செய்கிற வேலையை இரண்டு பேர் செய்த அந்தக் காலையில் எங்கள் பெரியவர்களுக்குக் கிடைத்தது எவ்வளவு என்று எங்களுக்குத் தெரியும்.

நாங்கள் எங்களுக்குள் செய்த ஒழுங்குகளைச் சொல்கிறேன், மற்ற இடங்களிலும் செய்யலாம். கார் வைத்திருப்பவர்கள் யார், எந்தப் பக்கத்தால் வருகிறார்கள் என்று ஒரு பட்டியல் போட்டோம். வானிலை எச்சரிக்கை வந்தால் முதல் நாள் இரவு ஒன்பது மணிக்குள் வாட்ஸ்அப்பில் யார் யாரை ஏற்றுவது என்று முடிவு. பெற்றோல் காசை வாங்க மறுக்கிறவர்களிடமும் கட்டாயம் கொடுப்பது என்று பேசிக்கொண்டோம், இல்லாவிட்டால் ஒரு மாதத்தில் அது கடனாகிவிடும். இரவு வேலைக்காரர்களுக்கு, யார் எவ்வளவு சுணங்குவார்கள் என்று ஆறு மணிக்கே சொல்லிவிட வேண்டும். இந்த ஒன்று எங்கள் தளத்தில் பாதிக் கோபத்தைத் தணித்தது. தெரியாமல் காத்திருப்பதுதான் ஆளை எரிச்சல்படுத்துகிறது, 'எட்டேகாலுக்குத்தான் வருவேன்' என்று தெரிந்தால் அவர்களும் வீட்டுக்குச் சொல்லி ஒழுங்கு செய்யலாம். மார்ச் முழுக்க நோன்பு. சோமாலியாச் சகோதரிகள் இருவர் பின்னேர வேலையிலிருந்து காலை வேலைக்கு மாறிக்கொண்டார்கள், நோன்பு திறக்கிற நேரம் வீட்டில் இருக்கலாம் என்று. காலையில் பஸ் இல்லாமல் தவித்த இரண்டு பேர் அவர்களுடைய பின்னேரத்தை எடுத்தார்கள். நிர்வாகம் அதில் கையெழுத்து மட்டும்தான் போட்டது.

மார்ச் 9 ஞாயிறு மணிக்கூட்டை முன்னுக்குத் தள்ளினார்கள். அதற்கு முன் வேலைக்குப் போய்ச் சேரும்போது வெளிச்சம் வரத் தொடங்கியிருந்தது. தள்ளிய பிறகு ஏழரை தாண்டித்தான் சூரியன். பழையபடி இருட்டில் நடை. புதிதாக வந்தவர்களுக்கு உடுப்பு பற்றியும் இரண்டு வார்த்தை. இந்தக் காலத்துக்கு மொத்தமான ஒரு ஜாக்கெட்டைவிட, கழற்றிப் போடக்கூடிய இரண்டு மூன்று மெல்லிய உடுப்பு நல்லது, காலையில் மைனஸ், பின்னேரம் பிளஸ். சப்பாத்துக்குக் கீழே மாட்டுகிற இரும்புப் பல் பட்டி கடைகளில் கிடைக்கும், விலை பெரிதில்லை, ஆனால் கட்டடத்துக்குள் போகும்போது கழற்றிவிட வேண்டும், மினுக்கிய நிலத்தில் அது இன்னும் சறுக்கும். பையில் ஒரு சோடி காய்ந்த காலுறை எப்போதும் இருக்கட்டும். ஈரக் காலோடு எட்டு மணித்தியாலம் நிற்பது எவ்வளவு கொடுமை என்று நின்றவர்களுக்குத் தெரியும். மைனஸ் 10க்குக் கீழே போனால் சாதாரண உப்பு சரியாக வேலை செய்யாது. ஆகவே வெள்ளையாக உப்புக் கிடக்கிறதே என்று நம்பிக் காலை வீசி நடக்க வேண்டாம்.

மார்ச் கடைசி வார இறுதியில் உறைபனி மழை வந்தது. மேலே சூடான காற்று, நிலத்தை ஒட்டிக் குளிர்காற்று. விழுகிற மழைத்துளி எதைத் தொடுகிறதோ அதிலேயே உறையும், கிளை, கம்பி, படி எல்லாவற்றிலும். ரொறன்ரோவில் நாங்கள் தப்பிவிட்டோம் என்றே சொல்ல வேண்டும். வடக்கே பாரி, ஒரில்லியா, கிழக்கே பீற்றர்பரோ பக்கம் மரங்கள் முறிந்து விழுந்து இலட்சக்கணக்கானவர்களுக்கு மின்சாரம் இல்லை. ஒரில்லியா அவசரநிலை அறிவித்தது. என் மச்சாள் அங்கேதான் ஒரு பராமரிப்பு இல்லத்தில் வேலை. தன் வீட்டில் வெளிச்சமும் சூடும் இல்லாமல் விட்டுவிட்டு, ஜெனரேட்டரில் ஓடுகிற இல்லத்தில் இரண்டு ஷிப்ட் சேர்த்து நின்றாள். போனில் கதைக்கும்போது குரலே மாறியிருந்தது. அவளுடைய இடத்தில் பிந்தியவர்களுக்கு அடையாளம் போடவில்லையாம். மேலாளரே தன் வண்டியில் போய் ஆட்களை ஏற்றிவந்தாராம். அப்படியும் செய்கிற மனிதர்கள் இருக்கிறார்கள் என்பதால் அதையும் எழுதுகிறேன்.

எங்கள் இல்லத்தில் ஒரு விஷயம் இன்னும் தீரவில்லை. மாற்று ஆள் வரும்வரை நின்ற இரவு வேலைக்காரர்களின் நேரம். 'தானாக நின்றது' என்று சிலருக்கு அந்த நேரத்தைக் கணக்கெடுக்காமல் விட்டிருக்கிறார்கள். போக விடாமல் வேலையிடத்தில் நிற்க வைத்த நேரம் வேலை நேரம்தான், அதற்குச் சம்பளம் கொடுத்தாக வேண்டும். யூனியன் மூலம் முறைப்பாடு கொடுத்திருக்கிறோம். எத்தியோப்பியச் சகோதரி நின்ற காலைகள் எல்லாம் அதில் நேரத்தோடு எழுதியிருக்கிறது. கூட்டம் ஏப்ரல் கடைசியில். முடிவு என்னவென்று அதற்குப் பிறகு எழுதுகிறேன். உங்கள் இடத்தில் இந்த நேரத்துக்கு எப்படிக் கொடுக்கிறார்கள் என்று தெரிந்தவர்கள் அதற்கு முன் எனக்குச் சொன்னால், கையோடு கொண்டுபோவேன்.